குருத்தும் பாத்தியும்

குருத்தோலை ஞாயிறன்று காலை இலங்கையின் மன்னார்த் தீவிலும் மடுவிலும் பூசைக்குப் போகிறவர்கள் கையில் விரியாத ஓலை ஒன்று இருக்கும். வெயில் படாத வெளிர்மஞ்சள் நிறம். நகம் பட்டால் கீறிப்போகும் மென்மை. அதைச் சிலுவையாக மடித்து வீட்டுச் சுவரில் செருகி வைப்பார்கள். அடுத்த ஆண்டு விபூதிப் புதனுக்குச் சாம்பலாவதும் அந்த ஓலைதான்.

பனையில் குருத்து எடுப்பவருக்கு ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓலையை எடுக்கலாம், ஓலை பிறக்கும் இடத்தைத் தொடக் கூடாது. ஆலும் வேம்பும் வெட்டிய இடத்திலிருந்து துளிர்க்கும். மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் பலநூறு ஆண்டு வயது கொண்டது. பட்டையை உரித்தாலும் புதுப்பட்டை போர்த்திக்கொள்ளும் இனம் அது. பனைக்கு அந்த வசதி இல்லை. அதற்கு வளர்முனை ஒன்றே ஒன்று, உச்சியில். போர்க்காலத்தில் எறிகணை பட்டுத் தலையிழந்த பனைகள் வடக்கெங்கும் வெறுங்கம்பங்களாய் நின்றதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடிமரம் உறுதியாகத்தான் இருந்தது. குருத்துப் போனதால் மரமும் போனது.

‘ஸ்டெம் செல்’ என்பதற்குத் தமிழில் குருத்தணு என்று பெயர் வைத்தவர் பனையை நினைத்தாரா, வாழையை நினைத்தாரா தெரியாது. பெயர் பொருந்திவிட்டது. இலங்கைப் பாடநூல்கள் செல்லைக் கலம் என்கின்றன. தமிழ்நாட்டில் உயிரணு என்கிறார்கள். குருத்து என்ற சொல்லுக்குப் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே பொருள்தான். உடம்பில் பெரும்பாலான கலங்கள் விரிந்து முற்றிய ஓலைகள்: தோலாக, தசையாக, நரம்பாக ஒரு வேலைக்கென்று அமைந்துவிட்டவை. அவை தேயும், உதிரும். உதிர்ந்த இடத்தை நிரப்பப் புதியவற்றைப் பிறப்பித்தபடி, தன்னையும் குறையாமல் வைத்துக்கொள்ளும் கலம் குருத்தணு.

இதற்கு முதல் உறுதியான சான்று கிடைத்தது, இன்று ஈழத்தமிழர் பெருகி வாழும் ரொறன்ரோ நகரில். இயற்பியலாளர் ஜேம்ஸ் டில்லும் மருத்துவர் ஏர்னஸ்ட் மக்கல்லக்கும் கதிர்வீச்சால் எலும்பு மச்சை அழிந்த சுண்டெலிகளுக்கு வேறு எலியின் மச்சையை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக ஆய்வுகூடத்துக்கு வந்த மக்கல்லக், பத்து நாளான எலிகளின் மண்ணீரலில் சிறு முடிச்சுகளைக் கண்டார். ஏற்றிய கலங்களின் தொகை கூடக்கூட முடிச்சுகளின் தொகையும் கூடியது. ஒவ்வொரு முடிச்சும் ஒரு தனிக் கலத்திலிருந்து பெருகிய குடும்பம் என்பது பிறகு உறுதியானது. 1961இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் குருத்தணு ஆராய்ச்சி தொடங்குகிறது.

உடம்பு இவற்றிடம் வாங்கும் வேலை கொஞ்சமன்று. எலும்பு மச்சை விநாடிக்கு 20 இலட்சத்துக்கு மேல் செங்குருதிக் கலங்களை உண்டாக்குகிறது. சிறுகுடலின் உள்விரிப்புச் சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாய்ப் புதுப்பிக்கப்படுகிறது. தசையில் இவை நார்களின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும். காயம் பட்டதும் விழித்துப் பெருகி நாரைத் தைக்கும்.

அப்படியானால் முதுமை என்பது குருத்து வற்றுவதா?

எவருக்கும் முதலில் தோன்றும் விடை அதுதான். கையிருப்பில் இருந்த விதை தீர்ந்தது, ஆகவே முளைப்பு நின்றது என்று நினைக்கத் தோன்றும். இந்த எண்ணத்தை முதலில் அசைத்தவை கிழட்டு எலிகளின் மச்சைகள். 1996இல் ஷான் மொரிசனும் இர்விங் வைஸ்மனும் எண்ணிப் பார்த்தபோது, முதிய எலிகளின் மச்சையில் குருதிக் குருத்தணுக்கள் குறையவில்லை. இளைய எலிகளைவிடப் பல மடங்கு கூடியிருந்தன. தொகை கூடியும் வேலை நடக்கவில்லை. முதிய குருத்தணுக்களை வேறு எலிக்கு மாற்றினால் அவை அங்கே ஊன்றிக்கொள்ளும் திறன் குறைந்திருந்தது. நோய் எதிர்ப்புக் கலங்களில் ஒரு வகையை அளவுக்கு மீறியும் மறு வகையை அரைகுறையாகவும் உண்டாக்கின.

மனிதரில் இதன் இன்னொரு முகம் தெரிந்தது. நெதர்லாந்தின் ஹென்ட்ரிக்யே வான் அன்டெல்-ஷிப்பர் 2005இல் இறக்கும்போது 115 வயது. உடலை ஆய்வுக்குக் கொடுத்திருந்தார். அவருடைய குருதியை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட முடிவு பலரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது: அவருடைய வெண்குருதிக் கலங்களில் பெரும்பங்கு, வேலை செய்துகொண்டிருந்த இரண்டே இரண்டு குருத்தணுக்களின் வழித்தோன்றல்கள். பல்லாயிரம் குருத்தணுக்கள் பங்கிட்டுச் செய்யவேண்டிய வேலையை இரண்டு தாங்கிக்கொண்டிருந்தன.

ஆக, சில இடங்களில் தொகை கூடுகிறது. சில இடங்களில் வரிசை குறுகுகிறது. எல்லா இடத்திலும் தரம் தளர்கிறது. தளர்வது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடியவர்கள், குருத்திலிருந்து கண்ணை எடுத்து அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

மன்னாரில் இதைச் சொல்வது எளிது. பனங்கிழங்குக்குப் பாத்தி போடுகிறவர் மணலைக் குவித்து, பொலபொலவென்று வைத்து, அதில் விதைகளை அடுக்குவார். அதே விதையை இறுகிய தரையில் போட்டால் முளை வளைந்து, கிழங்கு மெலிந்து போகும். விதை மாறவில்லை, பாத்தி மாறியது. மான்செஸ்டரில் பணியாற்றிய றே ஸ்கோபீல்ட் 1978இல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: குருத்தணு தன்னந்தனியாகக் குருத்தணுவாக இருப்பதில்லை, அதைச் சூழ்ந்த கலங்களும் அவை அனுப்பும் சேதிகளும் சேர்ந்தே அதை அந்த நிலையில் வைத்திருக்கின்றன. அந்தச் சூழலைப் பாத்தி என்றே இங்கே அழைக்கலாம்.

பாத்தியைச் சோதிக்க ஒரு பழைய அறுவைமுறை உதவியது. இரண்டு எலிகளின் விலாப்புறத் தோலை ஒன்றாகச் சேர்த்துத் தைத்தால் சில நாளில் இரண்டின் குருதியும் கலந்து ஓடும். இந்த ஆய்வுகளில் மனதை உறுத்துவதும் இதுதான். உறுத்தாமல் இதைப் பற்றி எழுதவும் கூடாது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மக்கே 1950களில் முதுமையை ஆராய இதைச் செய்தார். பிறகு அரை நூற்றாண்டு கிட்டத்தட்ட மறந்துபோன முறையை ஸ்டான்போர்டில் தோமஸ் ராண்டோவும் இரினா கொன்பாயும் அவர்களுடைய கூட்டாளிகளும் மீண்டும் எடுத்தார்கள். கிழ எலியை இளம் எலியோடு இணைத்து, ஐந்து வாரம் கழித்துத் தசையில் காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். கிழ எலியின் தசை ஏறத்தாழ இளந்தசைபோல் ஆறியது. ஆற்றியவை இளம் எலியிலிருந்து வந்த குருத்தணுக்கள் என்று எண்ணத் தோன்றும். இல்லை. அவை அந்தக் கிழ எலியின் சொந்தக் குருத்தணுக்கள். அவ்வளவு காலமும் அங்கேயே கிடந்தவை, குருதியில் வந்த சேதி மாறியதும் எழுந்து வேலை செய்தன.

2005இல் வந்த இந்த முடிவுக்கு 15 ஆண்டு கழித்து ஒரு பின்னுரை சேர்ந்தது. கொன்பாய் குழு கிழ எலிகளுக்கு இளம் குருதி எதையும் கொடுக்கவில்லை. குருதிநீரில் பாதியை எடுத்துவிட்டு, அந்த அளவுக்கு உப்புக்கரைசலும் அல்புமின் புரதமும் சேர்த்தார்கள், அவ்வளவுதான். தசை ஆறுவது சீரானது. ஈரலில் கொழுப்பும் தழும்பும் குறைந்தன. இளமையில் ஏதோ அமுதம் இருக்கிறது என்பதைவிட, முதுமையில் குருதியில் சேரும் தடைச்சேதிகள்தான் குருத்தை அமுக்கி வைக்கின்றன என்ற பக்கத்துக்குத் தராசு சாய்ந்தது. இளைஞரின் குருதிநீரைப் பணக்காரருக்கு விற்கக் கடை திறந்தவர்களுக்கு இந்த முடிவு இனித்திருக்காது.

இந்தப் பின்னணியோடு பார்த்தால்தான், முதிய விலங்குக்கு வெளியிலிருந்து குருத்தணு செலுத்தும் ஆய்வுகளின் பொருள் விளங்கும். புதிய கலம் போய் உட்கார்ந்து புதிய உறுப்பாக வளர்கிறது என்ற சித்திரம் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும். ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன.

2012இல் பிற்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜொனி ஹுவார்ட், லோரா நீடர்ன்ஹோபர் குழுவினர் எடுத்துக்கொண்டவை பிறவியிலேயே விரைவாக மூப்படையும் எலிகள். மரபணுச் சேதத்தைத் திருத்தும் வசதி அவற்றுக்கு இல்லை. மூன்று வாரமளவில் இறந்துபோகும். அவற்றின் வயிற்றறைக்குள் இளம் எலியின் தசையிலிருந்து எடுத்த குருத்தணுக்களைச் செலுத்தினார்கள். எலிகள் இரண்டு மூன்று மடங்கு காலம் உயிரோடிருந்தன; நடுக்கமும் தசைத் தளர்ச்சியும் குறைந்தன. ஆனால் செலுத்திய கலங்கள் பல உறுப்புகளுக்குப் போய்ச் சேரவே இல்லை. போகாமலே எப்படிப் பலன்? ஆய்வுத்தட்டில் இளம் கலங்களையும் முதிய கலங்களையும் நடுவே மெல்லிய சவ்வு வைத்துப் பிரித்து வளர்த்தார்கள். ஒன்றையொன்று தொடவில்லை, திரவம் மட்டும் பொதுவாக இருந்தது. முதிய கலங்கள் தேறின. இளம் கலங்கள் சுரந்த ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது. விரைமூப்பு நோய் உண்டாக்கிய எலியும் இயல்பாகக் கிழமான எலியும் ஒன்றல்ல என்பதை இங்கே மறக்கக் கூடாது. நோயின் குறையைத் தீர்ப்பது எளிது. முதுமை அப்படி ஒரு குறையால் வருவதன்று.

2017இல் நியூயோர்க்கில், அல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியின் டொங்ஷெங் சாய் குழு இயல்பான எலிகளிலேயே பார்த்தது. மூளையின் அடியில், பசி, உறக்கம், உடல்வெப்பம் ஆகியவற்றை ஆளும் ஐப்போதலமசு என்னும் சிறு பகுதியில் உள்ள குருத்தணுக்கள் நடுவயதிலேயே குறையத் தொடங்குகின்றன. அவற்றை வேண்டுமென்றே அழித்தால் எலி சீக்கிரம் மூத்தது. புதிதாகச் செலுத்தினால் மூப்பு மெதுவாகி, ஆயுளும் சற்று நீண்டது. இந்த ஆய்வில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரணக் குருத்தணுக்களைச் செலுத்தியபோது அவை நிலைக்கவில்லை. மூத்த மூளையின் அழற்சி அவற்றைக் கொன்றுவிட்டது. அழற்சியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய குருத்தணுக்கள்தான் பிழைத்துப் பலன் தந்தன. அந்தப் பலனிலும் பெரும்பங்கு, அவை வெளியிடும் நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அடைத்த ஆர்என்ஏ துணுக்குகளின் வழியே வந்தது. கெட்டுப்போன பாத்தியில் நல்ல விதையும் அழுகும். தாங்கும் விதை கிடைத்தால் அது பாத்தியையே திருத்தத் தொடங்கும்.

இதே எண்ணத்தைக் குரங்குகள் வரை கொண்டுபோனது சீன அறிவியல் கழகத்தின் ஆய்வு. குவாங்-ஹுய் லியு, ஜிங் சூ ஆகியோரின் குழு ‘செல்’ இதழில் 2025இல் அதை வெளியிட்டது. அவர்கள் கையாண்ட மரபணுவின் பெயர் ஃபொக்ஸோ 3. அதன் வம்சக்கதை குளத்து நீரில் தொடங்குகிறது.

நன்னீரில் பாசியோடு ஒட்டி வாழும் ஐதராவை இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகள் படம் வரைந்திருப்பார்கள். சில மில்லிமீற்றர் நீளக் குழாய், வாயைச் சுற்றிப் பரிசக்கொம்புகள். 1998இல் டானியல் மார்ட்டினெஸ் நான்கு ஆண்டு ஐதராக்களைக் கண்காணித்து, வயது ஏறினாலும் இறப்பு வீதம் ஏறவில்லை என்று காட்டினார். உடம்பின் பெரும்பகுதி ஓயாமல் பெருகும் குருத்தணுக்கள்தான். 2012இல் ஜேர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் பொஷ் குழு, அந்தக் குருத்தணுக்களைக் குருத்தாகவே வைத்திருப்பதில் ஃபொக்ஸோ மரபணுவுக்குப் பெரும் பங்கு இருப்பதைக் கண்டது. அதற்கு முன்பே, 1993இல் சின்தியா கென்யன் ஒரே மரபணுவை மாற்றி நூற்புழுவின் ஆயுளை இரட்டிப்பாக்கியிருந்தார்; அந்தப் பலன் கிடைக்க அவசியமாயிருந்த இன்னொரு மரபணு ஃபொக்ஸோ குடும்பத்தைச் சேர்ந்ததென்று பின்னர் தெரிந்தது. 2008இல் ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி முதியவர்களில் நீண்ட ஆயுள் பெற்றவர்களிடம் ஃபொக்ஸோ 3இன் ஒரு வடிவம் கூடுதலாக இருந்தது. குளத்து ஐதரா, மண்புழுதியின் நூற்புழு, ஹவாய்க் கிழவர் மூவரையும் ஒரு நூல் கட்டுகிறது. இந்த ஆராய்ச்சித் துறையில் இதைவிட அழகான தொடர்ச்சி அதிகம் இல்லை.

லியு குழு மனிதக் குருத்தணு வகை ஒன்றில் ஃபொக்ஸோ 3 எப்போதும் விழிப்பாயிருக்கும்படி இரண்டு இடத்தில் திருத்தியது. 19 முதல் 23 வயதான நண்டுண்ணிக் குரங்குகள் மூன்று கூட்டமாகப் பிரிக்கப்பட்டன. மனிதக் கணக்கில் அவை அறுபதைச் சுற்றிய வயதினர். ஒரு கூட்டத்துக்கு உப்புக்கரைசல், ஒன்றுக்குத் திருத்தாத கலம், ஒன்றுக்குத் திருத்திய கலம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடையில் ஒரு கிலோவுக்கு 20 இலட்சம் கலங்கள் என்று, நரம்பூசி வழியே 44 வாரம் நடந்தது. பிறகு 61 வகைத் திசுக்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட திசுக்களில் மூப்பின் அடையாளங்கள் குறைந்திருந்தன. நினைவுச் சோதனையில் குரங்குகள் தேறின. மூளைப் புறணி மெலிவது குறைந்தது. எலும்பு அடர்த்தி கூடியது. மரபணுச் செயற்பாட்டை வைத்து வயது கணிக்கும் முறையில், முதிராத நரம்புக் கலங்கள் ஆறேழு ஆண்டும் சூல்முட்டைகள் ஐந்து ஆண்டும் பின்னோக்கிப் போனதாக அவர்கள் கணித்தார்கள். புற்றுக்கட்டி எதுவும் தோன்றவில்லை. பலனில் ஒரு பங்கு இங்கேயும் கலங்கள் வெளியிட்ட நுண்குமிழ்களுக்கே சேர்ந்தது. திருத்தாத கலங்கள் ஓரளவே உதவின.

பெரிய செய்திதான். அளவோடு வாங்கிக்கொள்ளவேண்டிய செய்தியும்கூட. கூட்டங்கள் சிறியவை. 44 வாரம் ஒரு குரங்கின் வாழ்வில் சிறு துண்டு. புற்றுநோய் முளைக்கப் பல ஆண்டு ஆகலாம். ஆயுள் நீண்டதா என்று இந்த ஆய்வு பார்க்கவே இல்லை. பார்க்கவும் முடியாது, ஏனென்றால் திசுக்களை ஆராய அந்தக் குரங்குகளின் உயிர் தேவைப்பட்டது.

மடு ஆலயத்தைச் சூழ்ந்த காட்டில் குரங்குகள் சாதாரணம். இலங்கைக்கே உரிய, சிங்களத்தில் ரிலவா எனப்படும் குரங்கும் ஆய்வில் பயன்பட்ட நண்டுண்ணிக் குரங்கும் ஒரே பேரினம். 2023இல் பயிரழிவைக் காரணம் காட்டி 1,00,000 ரிலவாக்களைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனையை அன்றைய விவசாய அமைச்சர் வெளியிட்டார். விலங்குக் காட்சிச்சாலைகளுக்கென்று சொல்லப்பட்டது, ஆய்வுகூடங்களுக்குத்தானோ என்ற அச்சம் எழுந்தது, சூழலியலாளர்கள் நீதிமன்றம் போனார்கள், திட்டம் நின்றது. நண்டுண்ணிக் குரங்கை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022இல் அழியும் ஆபத்துள்ள இனமாக அறிவித்ததற்கான காரணங்களில் ஆய்வுகூட வணிகமும் ஒன்று. மனிதர் அறுபதுக்குப் பிறகு தெம்பாக நடப்பதற்கான கடனில் ஒரு பகுதி இந்த விலங்குகளின் பெயரில்தான் எழுதப்படுகிறது. அதைக் கணக்கில் வைக்காமல் பலனை மட்டும் எழுதுவது நேர்மையாகாது.

இனி கடல் பக்கம். மன்னார்க் கரையில் வெள்ளை அட்டைக்கு என்ன விலை போகும் என்று தெரியாத கடற்றொழிலாளி இல்லை. அவித்து உலர்த்திய கடலட்டை சீனருக்கு விருந்து, மருந்து. அதனாலேயே கடலில் அது அருகிப்போனது. எதிர்க்கரையில் இந்தியா 2001இல் கடலட்டை பிடிப்பதையே தடைசெய்தது. அந்தத் தடைக்கு முன்பே, 1988இல், தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளை அட்டைக் குஞ்சுகளை உலகில் முதன்முறையாகத் தொட்டியில் வளர்த்தெடுத்தார்கள். இன்று இலங்கையின் வடகரை நெடுகக் கடலட்டைப் பண்ணைகள் பரவியிருப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

கடலட்டையை அலட்டினால் அது குடலையே கக்கிவிடும். கக்கியபின் சாவதில்லை. சில வாரத்தில் புதிய குடல் வளர்த்துக்கொள்கிறது. எங்கிருந்து? புவேர்ட்டோ ரிக்கோ பல்கலைக்கழகத்தின் ஹொசே கார்சியா-அராராஸ் பல ஆண்டுகளாக இதையே ஆராய்கிறார். குடலை உடற்சுவரோடு கட்டிவைத்திருந்த மெல்லிய சவ்வு மிஞ்சியிருக்கும். அதிலுள்ள முதிர்ந்த தசைக்கலங்கள் தங்கள் சுருங்கும் நார்களைக் களைந்துவிட்டு, வேலை மறந்த இளங்கலங்களாகத் திரும்புகின்றன, பெருகுகின்றன, பிறகு குடலாகின்றன. முற்றிய ஓலை மறுபடி குருத்தாவது பனையில் நடக்காத காரியம். கடலட்டையில் அது அன்றாடக் காரியம்.

பாலூட்டியின் கலத்தையும் அப்படித் திருப்பலாம் என்று 2006இல் காட்டியவர் கியோட்டோவின் ஷின்யா யமனாக்கா. எலியின் தோற்கலத்தில் நான்கு மரபணுக்களை ஏற்றியதும் அது கருப்பருவக் குருத்தணு போலானது; 2012இல் ஜோன் கேர்டனோடு நோபல் பரிசு. மனிதக் கருவை அழித்து எடுக்கும் குருத்தணுக்களைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. மன்னார் போன்ற ஒரு மறைமாவட்டத்தில் அது வெறும் ஏட்டு விவாதமன்று. கருவைத் தொடாமலே குருத்துக் கிடைக்கும் வழியை யமனாக்கா திறந்துவிட்டார்.

அந்த நான்கு மரபணுக்களை உயிருள்ள விலங்கின் உடம்புக்குள்ளேயே இயக்கினால் என்ன ஆகும்? மாட்ரிட்டில் 2013இல் இயக்கிப் பார்த்தார்கள்; எலிகளின் உறுப்பெங்கும் கட்டிகள். முழுதாகத் திரும்பிய கலம் தன் ஊரையும் வேலையையும் மறந்துவிடுகிறது. 2016இல் கலிபோர்னியாவின் சோல்க் நிறுவனத்தில் ஹுவான் கார்லோஸ் இஸ்பிசுவா பெல்மொண்டே குழு வேறு தாளம் பிடித்தது: இரண்டு நாள் இயக்கம், ஐந்து நாள் ஓய்வு. விரைமூப்பு எலிகளின் இடைநிலை ஆயுள் 18 வாரத்திலிருந்து 24 வாரமானது, கட்டி வரவில்லை. கடலட்டை எந்த இடத்தில் நின்று திரும்ப வேண்டும் என்று அறிந்து வைத்திருக்கிறது. ஆய்வுகூடம் அந்த இடத்தை இப்போதுதான் தடவித் தேடுகிறது.

ஆவணித் திருவிழாவுக்கு மடுவில் கூடும் இலட்சக்கணக்கானோரில் வயதானவர்களின் மன்றாட்டில் முழங்காலுக்கு நிச்சயம் ஓர் இடம் உண்டு. முழந்தாளிட்டு எழும்பக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு மேலே சொன்ன ஆய்வுகளில் என்ன இருக்கிறது?

மூட்டுத் தேய்மானத்தில் கொஞ்சம் இருக்கிறது. இடுப்புமூட்டுத் தேய்ந்த 21 நாய்களில் 2007இல் நடந்த ஆய்வில், அவற்றின் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைச் செலுத்திய நாய்கள் மற்றவற்றைவிட நன்றாக நடந்தன. எந்த நாய்க்கு எது போனது என்பது உரிமையாளருக்கும் மருத்துவருக்கும் மறைக்கப்பட்டிருந்தது. பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய மச்சைக் குருத்தணு ஊசிக்கு முழங்கால் தேய்மானத்துக்கென இந்திய அரசு 2022இல் ஒப்புதல் தந்தது. இது வலியைக் குறைக்கும் சிகிச்சை. எழுபது வயது மூட்டை இருபதாக்கும் சிகிச்சை எங்கும் இல்லை.

இல்லாததை விற்பவர்கள் மட்டும் எங்கும் இருக்கிறார்கள். முடக்குவாதம், மறதிநோய், பார்வைக் குறைவு, முதுமை எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று விளம்பரம் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017 நெறிமுறை தெளிவானது: குருதி நோய்களுக்கான மச்சை மாற்றுச் சிகிச்சை போக, மற்றக் குருத்தணுச் சிகிச்சைகளை முறைப்படி நடக்கும் ஆய்வுக்கு வெளியே, காசு வாங்கிக்கொண்டு, செய்யக் கூடாது. ஒப்புதல் பெற்ற ஒன்றிரண்டு ஊசிகள் அதற்குப் பின் வந்த விலக்குகள். அமெரிக்காவின் புளோரிடாவில் 72 முதல் 88 வரையான வயதுடைய மூன்று பெண்கள், வயதால் மங்கிய பார்வை தெளியும் என்று நம்பிப் பணம் கட்டினார்கள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை ஒரே நாளில் இரண்டு கண்ணுக்குள்ளும் ஊசியால் ஏற்றினார்கள். மூவரின் பார்வையும் பறிபோனது. 2017இல் மருத்துவ இதழில் அந்தச் செய்தி வந்தது. ஒரு கண்ணில் செய்து பொறுத்துப் பார்க்கும் குறைந்தபட்ச அக்கறைகூட அங்கே காட்டப்படவில்லை. மன்னாரிலோ மதுரையிலோ நிலத்தை ஈடுவைத்து இப்படியொரு ஊசிக்குப் போக நினைக்கும் குடும்பம் முதலில் கேட்கவேண்டியது: இது பதிவுசெய்த ஆய்வா? ஆய்வென்றால் ஏன் காசு கேட்கிறீர்கள்?

ஊசி எதுவும் இல்லாத ஒரு முடிவும் இதே துறையிலிருந்து வந்திருக்கிறது. அதிகம் பேசப்படவில்லை, விற்க ஏதும் இல்லாததால் இருக்கலாம். எலிகளை இணைத்துத் தைத்த அதே ராண்டோவின் ஆய்வுகூடம், 2020இல், கிழ எலிகளின் கூண்டில் ஓடுசக்கரம் வைத்தது. யாரும் விரட்டவில்லை; விரும்பினால் ஓடலாம். ஒப்பிட, வேறு கூண்டுகளில் சுழலாதபடி பூட்டிய சக்கரம். இளம் எலிகள் இரவுக்குச் சுமார் 10 கிலோமீற்றர் ஓடின, கிழ எலிகள் 5. மூன்று வாரம் கழித்துத் தசையில் காயம் செய்து பார்த்தபோது, ஓடிய கிழ எலிகளின் குருத்தணுக்கள் ஓடாதவற்றைவிட விரைவாக விழித்து, தசையை நன்றாக ஆற்றின. இளம் எலிகளில் ஓட்டத்தால் வேறுபாடு தெரியவில்லை; அவற்றின் குருத்து ஏற்கெனவே விழிப்பாகத்தான் இருந்தது. ஓடிய கிழ எலியின் குருதியை ஓடாத கிழ எலிக்கு ஏற்றியபோது அதன் தசைக் குருத்தணுக்களும் எழுந்துகொண்டன. ஓட்டத்தை நிறுத்திய எலிகளில் பலன் நெடுநாள் நிற்கவில்லை. சக்கரம் மறுபடி சுழல வேண்டியிருந்தது.